குடம் முன்னால் போகட்டும்

பிள்ளைகளே, முப்பத்திரண்டு ஆண்டு வேலையில் நான் எழுதி முடித்த பதிவேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என் தலைக்கு மேல் போகும். அத்தனை பக்கங்களிலும் இரண்டே வரிகள்தான் இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஒன்று, 'சமூகக் காரணம்'. மற்றது, 'வீடு பூட்டியிருந்தது'. இரண்டும் என் கையெழுத்து. இரண்டிலும் பொய் கிடையாது. இருந்தும் எழுபது வயதில் அவற்றை நினைக்கும்போது, எழுதிய கையைத்தான் முதலில் பார்க்கத் தோன்றுகிறது.

அந்த இரண்டு வரிகளின் கதையைச் சொல்லிவிட்டால், நீங்கள் அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்விக்கும் பதில் வந்துவிடும். "நல்லதைத்தானேம்மா சொல்றோம், ஜனங்க ஏன் கேக்க மாட்டேங்கிறாங்க?" என்பதுதானே உங்கள் கேள்வி?

கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004இல். அதற்கு முன் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை எல்லாமே தருமபுரி மாவட்டம்தான். 1981இல் அந்த மாவட்டத்தின் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராமத்து நர்ஸாகச் சேர்ந்தேன். ஐயாயிரம் பேருக்கு ஒரு நர்ஸ் என்பது கணக்கு. ஊர் ஊராக நடப்பேன். எதிரே மாட்டு வண்டி வந்தால் ஏறிக்கொள்வேன். கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பேன். அடுத்த முறை போகும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்பேன். "சாப்பிட்டேன் நர்சம்மா" என்பாள். பதிவேட்டில் டிக் அடித்துவிட்டு நிம்மதியாக வருவேன்.

ஒரு வீட்டில் பிரசவம் ஆகி, குழந்தைக்குத் தூளி கட்டினார்கள். நானும் கை கொடுத்தேன். உத்தரத்தில் சேலையைச் சொருகி இழுத்ததும், கூரை ஓலையின் இடுக்கிலிருந்து மாத்திரைகள் பொலபொலவென்று என் தலையில் உதிர்ந்தன. ஆறு மாதமாக நான் கொடுத்த அத்தனையும். கோபத்தில் எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டுக் கிழவி பொக்கை வாயால் சிரித்தாள். "வேணாம்னு சொன்னா உன் மனசு நோகுமேன்னு வாங்கி வெச்சம்மா" என்றாள்.

அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்த முதல் பாடம். என் மனது நோகக்கூடாது என்று அவர்கள் பார்த்தார்கள். அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, அது பிள்ளைக்கு ஆகாது என்று பயம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. குழந்தை பெரிதாகிவிட்டால் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று இன்னொரு பயம். கறுப்பாகப் போவது இரும்பின் நிறம் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகவில்லை. ராத்திரி களி சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம், கூடவே டீ குடிக்க வேண்டாம், ஒரு துண்டு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளலாம் என்று அந்தக் கிழவியோடு பேசி முடிவு செய்தோம். பிறகு மாத்திரை கொடுக்கும் வேலையைக் கிழவியே எடுத்துக்கொண்டாள். சொல்கிறவள் நானாக இருந்தவரை மாத்திரை கூரைக்குப் போனது. சொல்கிறவள் கிழவி ஆனதும் வயிற்றுக்குப் போனது.

ஊரில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியிடமும் நான் இதே தவறைச் செய்தேன். அரிவாளால் கொடி அறுத்து, அதன்மேல் சாம்பல் வைப்பாள். ஒரு வாரத்தில் சில குழந்தைகளுக்குத் தாடை இறுகும்; மார்பைப் பிடிக்காது; உடம்பு வில்லாக வளையும்; போய்விடும். ரணஜன்னி. ஊரார் முன்னால் அவளை நான் கடிந்துகொண்டேன். இரண்டு வருடம் அவள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு வருடத்தில் எந்தப் பிரசவத்துக்கும் எனக்கு ஆள் வரவில்லை. கடைசியில் நானே அவள் வீட்டுக்குப் போய், புது பிளேடு, வேகவைத்த நூல், சோப்பு மூன்றையும் வைத்து, "கையை நீ காட்டு, கழுவுறதை நான் காட்டுறேன்" என்றேன். அதன்பிறகு தடுப்பூசிக்குக் கர்ப்பிணிகளைக் கூட்டி வந்தவளே அவள்தான். 2015இல் தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த செய்தியைப் படித்தபோது, தடுப்பூசியோடு சேர்த்து அவளுடைய கையையும் நினைத்துக்கொண்டேன். மானத்தைப் பறித்துக்கொண்டு மருந்து கொடுத்தால், மருந்து தங்காது.

இனி அந்த முதல் வரி.

தொண்ணூறுகளில் எங்கள் மாவட்டத்தின் சில பகுதிகளில் பெண் குழந்தைகள் பிறந்த சில நாட்களில் இறந்துகொண்டிருந்தன. காய்ச்சலும் இல்லை, பேதியும் இல்லை. எதனால் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் அந்த மரணங்களை 'சமூகக் காரணம்' என்று எழுதுவது வழக்கம். நானும் எழுதினேன். கொலை என்று எழுதினால் அந்த ஊருக்குள் மறுபடி கால் வைக்க முடியாது. பேதி என்று எழுதினால் மனசாட்சி விடாது. நடுவில் ஒரு சொல் கிடைத்தது. அதன் பின்னால் நானும் ஒளிந்துகொண்டேன், ஊரும் ஒளிந்துகொண்டது.

1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. பிறகு எங்கள் பக்கமும் வந்தது. வேண்டாத குழந்தையைத் தொட்டிலில் போடு, அரசு வளர்க்கும். அதனால் உயிர்கள் பிழைத்தன. குறை சொல்ல மாட்டேன். ஆனால் தொட்டில் குழந்தையை வாங்கிக்கொண்டது. ஏன் போடுகிறாய் என்று ஊரைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை ஊருக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தது, ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட கலைப்பயணம். 1997 முதல் 1999 வரை, டேனிடா என்ற டென்மார்க் அரசு அமைப்பின் உதவியோடு, சுகாதாரத் துறை தருமபுரி மாவட்டத்தில் அதை நடத்தியது. ஷீலா ராணி சுங்கத் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி முன்னின்றார். எங்கள் பதிவேடுகளில் இருந்த அந்த 'சமூகக் காரணம்' வரிகளை எண்ணித்தான் எந்த ஊர்களுக்குப் போக வேண்டும் என்று முடிவானது. ஒளிந்துகொள்ள எழுதிய சொல்லே வழிகாட்டியாகிவிட்டது.

நான் பார்த்த இரவு இன்னும் கண்ணில் நிற்கிறது. மாரியம்மன் கோயில் திடல். பறை அதிர்ந்தது. நாடகத்தில் ஆண் பிள்ளை பிறக்கிறது, ஆட்டம். பெண் பிள்ளை பிறக்கிறது. பறை பட்டென்று நின்றது. அந்த மௌனத்தில் திடலில் இருந்த ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாடகம் முடிந்ததும் ஒரு பாட்டி எழுந்தாள். "செஞ்சது நாங்கதான். செய்ய வெச்சது யாரு? பவுனுக்கும் சீருக்கும் ஒரு வழி சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

அதிகாரிகளிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அந்தத் திடலிலேயே மகளிர் சங்கத்துப் பெண்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான அரசுத் திட்டம் 1989இல் முதலில் தொடங்கியது எங்கள் தருமபுரியில்தான். வாரம் பத்து இருபது என்று சேமித்துப் பழகிய பெண்கள் அவர்கள். இரண்டாவதோ மூன்றாவதோ பெண்ணாகப் பிறந்த வீட்டில் முதல் மாதம் முழுக்க ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். காலையில் ஒருத்தி வெந்நீர் வைக்கப் போவாள். மத்தியானம் ஒருத்தி பத்தியக் குழம்பு கொண்டுபோவாள். பொழுது சாய ஒருத்தி குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வாள். யாரும் யாரையும் வேவு பார்க்கவில்லை. விருந்தாளி இருக்கும் வீட்டில் பாவம் நடக்காது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தவறவில்லை. முப்பதாம் நாள் தாண்டி, குழந்தை முகம் பார்த்துச் சிரித்துவிட்டால், அப்புறம் அதை யார் கை தொடும்?

தண்டனைக்குப் பயந்து நின்றது மறுபடி தொடங்கும். வெட்கப்பட்டு நின்றது நிற்கும். வெட்கத்தை வெளியிலிருந்து கொண்டுவர முடியாது. அது ஊருக்குள்ளேயே ஊற வேண்டும்.

இவ்வளவு கற்ற பிறகும் எனக்கு இரண்டாவது வரி மிச்சம் இருந்தது.

என் பணியின் கடைசி ஆண்டுகள் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில். எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு அது பழைய மூக்கண்டப்பள்ளி இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ராகிக் காடு இருந்த இடத்தில் கம்பெனி. மாட்டுத் தொழுவம் இருந்த இடத்தில் லைன் வீடு. பத்துக்குப் பத்து அறைகள் பன்னிரண்டு, வரிசையாக. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கழிப்பறை, ஒரு சிமென்ட் தொட்டி. தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் எங்கள் எல்லைப் பக்கத்துக்குப் பழகியவை. அவற்றோடு இந்தியும் ஒடியாவும் வங்காளமும் வந்து சேர்ந்தன. வலி என்பதற்குத் தெலுங்கில் நொப்பி, கன்னடத்தில் நோவு, இந்தியில் தர்த் என்று ஐம்பது வயதுக்கு மேல் படித்துக்கொண்டேன்.

2007ஆம் ஆண்டு. ஒடிசாவிலிருந்து கணவனோடு வந்த பெண், பத்தொன்பது வயது, தலைப்பிரசவம். ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. எட்டாம் மாதத்தில் இரண்டு முறை போனேன். கான்ட்ராக்ட் வேலைக்குப் போயிருந்தாள், கதவில் பூட்டு. 'வீடு பூட்டியிருந்தது' என்று தேதி போட்டு எழுதிவிட்டு அடுத்த லைனுக்குப் போனேன். அந்த வாரக் கடைசியில் விடியற்காலை அவளுக்கு வலிப்பு வந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது.

செய்தி கேட்டு நான் போய் நின்றபோது, பக்கத்து அறையில் இருந்த, குப்பம் ஊர்க்காரப் பெண் சொன்னாள்: "நாலு நாளா காலு வீங்கியிருந்துச்சு, தலைவலின்னு சுவத்துல சாஞ்சே உக்காந்திருந்துச்சும்மா. பாத்தேன்." "ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது: "சொல்றதுக்கு அவங்க யாரு, நாங்க யாரு?"

பிரசவத்தில் தாய் சாவதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று மருத்துவத்தில் சொல்வார்கள். போகலாமா என்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம். போய்ச் சேர்வதில் ஒரு தாமதம். போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் ஒரு தாமதம். மூன்றாவதற்கு இருபத்துநான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. இரண்டாவதற்கு 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. முதலாவது வீட்டுக்குள் இருக்கிறது. மூக்கண்டப்பள்ளி எனக்கு அதற்கும் முந்திய ஒன்றைக் காட்டியது. பக்கத்தில் இருப்பவள் யார் என்றே தெரியாத தாமதம். கிராமத்தில் ஊர் இருந்தது, அதனிடம் கேட்டேன். லைன் வீட்டில் பன்னிரண்டு கதவு இருந்தது, ஊர் இல்லை. இல்லாத ஊரிடம் எப்படிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போட்டேன். சுவரில் படம் ஒட்டினேன். மூன்று பேர் வந்தார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர். அதற்கடுத்த வாரம் ஒரு நாய் மட்டும் வந்தது. இரண்டு மாதம் இப்படியே போயிற்று. பொறுத்தவளுக்குத்தான் வழி தெரியும் என்பார்கள். எனக்கு அது தண்ணீர் லாரி வடிவத்தில் தெரிந்தது. ஒன்றுவிட்டு ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் லாரி வரும். அப்போது மட்டும் பன்னிரண்டு கதவும் திறக்கும். எல்லா மொழியிலும் சண்டை நடக்கும். நான் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். ஒரு மாதம் ஆஸ்பத்திரி பற்றி ஒரு சொல் பேசவில்லை. குடம் தூக்கினேன், பெயர் கேட்டேன், அவரவர் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு என்ன ஆக்கிப் போடுவார்கள் என்று கேட்டேன். அதைச் சொல்லும்போது எல்லா முகமும் மலர்ந்தது.

ஒரு நாள் இடித்துத் தள்ளும் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதம். யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. லைனிலேயே மூத்தவரான உருது பேசும் பாட்டி ஒருவர், அந்தப் பெண்ணின் குடத்தைத் தன் கையால் எடுத்துக் குழாயடியில் வைத்தார். "வயித்துப் பிள்ளைக்காரி குடம் முன்னால போகட்டும்" என்றார். யாரும் மறுக்கவில்லை. அடுத்த லாரிக்கும் அதுவே நடந்தது. அப்புறம் அது சட்டமாகிவிட்டது.

அதன் பலனை நான் எதிர்பார்க்கவே இல்லை. குடம் முன்னால் போனால் அரை மணி நேரம் மிச்சம். ஆகையால் ஐந்தாம் மாதம் வரை மூடி மறைத்தவர்கள் இரண்டாம் மாதத்திலேயே கூச்சத்தோடு குடத்தை முன்னால் வைத்தார்கள். முன்னால் வந்த குடத்தைப் பார்த்து நான் பெயர் எழுதிக்கொண்டேன். கதவைத் தட்டி அறிய முடியாததைக் குடம் சொன்னது. பின்னால் நிற்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "முன்னால் போகிறவள் கால் வீங்கினால் யார் பார்ப்பது?" பின்னால் நிற்பவள்தான் பார்க்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவள் காலையில் அந்தக் கதவைத் தட்டுவாள். லைன் வீட்டுக்குக் கதவு எண் இல்லாமல் ஆம்புலன்ஸ் சுற்றிச் சுற்றி வருவதால், முனையில் இருந்த பெட்டிக்கடையின் பெயரையே முகவரியாகச் சொல்வது என்று முடிவாயிற்று. கடைக்காரர் தன் போன் நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தார். தெலுங்கர்கள் சீமந்தம் என்றார்கள், நாம் வளைகாப்பு என்றோம். தொட்டியடியில் எல்லோருமாக வளையல் அடுக்கினோம்.

எல்லோரையும் காப்பாற்றினோம் என்றால் அது பொய். அதற்குப் பிறகும் குறைமாதத்தில் ஒரு குழந்தையை இழந்தோம். ஆனால் அந்தச் சாவு வீட்டில் பன்னிரண்டு கதவும் திறந்திருந்தன. 'சொல்றதுக்கு நாங்க யாரு' என்று கேட்ட அதே குப்பம் ஊர்ப் பெண்தான், அடுத்த வருடம் இன்னொருத்தியின் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு, மத்தியான வெயிலில் என்னைத் தேடி ஓடி வந்தாள். அழுத்தம் ஏறியிருந்தது. அனுப்பினோம். தாயும் பிள்ளையும் திரும்பி வந்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நாங்கள் குழாயடியில் தட்டித் தடவிக் கண்டதை, ஏக்ஜுட் என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலுமாக மூன்று மாவட்டங்களில் முறையாகச் செய்து பார்த்திருக்கிறது. கிராமத்துப் பெண்கள் மாதம் ஒரு முறை கூடி, தங்கள் ஊரில் குழந்தைகள் ஏன் சாகின்றன என்று தாங்களே பேசி, தாங்களே வழி தேடினார்கள். மூன்று ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளின் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதற்கு முன்பே நேபாளத்தின் மக்வான்பூரிலும் இப்படிக் கண்டிருக்கிறார்கள். அந்த ஒடிசா மண்ணிலிருந்து வந்தவளைத்தான் நான் பூட்டிய கதவு என்று எழுதினேன்.

தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 2000இல் 51, 2020இல் 13. மருந்தும் மருத்துவரும் ஆம்புலன்ஸும் செய்த வேலை அதில் பெரிது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் இன்று பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் கிடைக்கிறது, அதுவும் பெரிது. ஆனால் அத்தனையும் ஒரு பெயரில் தொடங்குகிறது. சீக்கிரம் பதிவான பெயர். அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது பக்கத்து வீடு. இன்னும் மிச்சமிருப்பதைக் குறைக்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஆகவே, சுகாதார வேலைக்கு வரும் என் மகள்களே, சொல்வதற்கு முன் கேளுங்கள். மாமியாரை ஜெயிக்கப் பார்க்காதீர்கள், அவளைக் கூட்டிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் நல்ல சொல் ஒன்று கைக்கு எளிதாக வரும்போது, அதன் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள். கம்பெனி வேலைக்கு வந்திருக்கும் என் மகன்களே, உங்கள் அறைக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்களின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? உங்கள் மனைவிக்கு ராத்திரி வலி கண்டால், முதலில் திறக்கப்போவது அந்தக் கதவுதான். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் தேரை நான் எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். வடத்தைப் பிடிக்கிறவரை அவர்கள் வெறும் ஜனக் கூட்டம். பிடித்து ஒரு அடி இழுத்த பிறகுதான் ஊர்.

சென்ற ஆண்டு ஒரு வேலையாக மூக்கண்டப்பள்ளிப் பக்கம் போனேன். அந்த லைன் வீடு இருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை; உருதுப் பாட்டியும் காலமாகிவிட்டார். முழங்கால் வலியோடு எதிர்த் திண்ணையில் உட்கார்ந்தேன். தண்ணீர் லாரி வந்தது. வரிசையில் கடைசியாக நின்ற ஒரு பெண்ணின் நீலக் குடம், கை மாறிக் கை மாறி, ஒரு சொல் இல்லாமல் குழாயடிக்குப் போயிற்று. என் அருகில் நின்ற வடக்கத்திப் பெண்ணிடம், "இது யாரும்மா வச்ச வழக்கம்?" என்று கேட்டேன்.

"தெரியாது அம்மா" என்றாள் உடைந்த தமிழில். "இங்கே அப்படித்தான்."